ரெண்டு கூடைச் சாணி

ஐப்பசியில் நாலாவது மழை விட்ட காலையில்தான் ஒச்சாயி அந்தச் செடியைப் பார்த்தாள். குப்பைக்குழியின் தென்கரையில், தானாக முளைத்துப் படர்ந்த பூசணிக்கொடியை விலக்கிக்கொண்டு ஒரு சாண் உயரத்தில் நின்றது. குப்பையில் செடி முளைப்பது அதிசயமில்லை. தின்று துப்பியது, கூட்டித் தள்ளியது, மாடு போட்டது எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மழை பெய்தால் அதில் பாதி எழுந்து நிற்கும். ஆனால் அப்படி எழுந்து நிற்கிற எல்லாவற்றுக்கும் ஒச்சாயிக்குப் பேர் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

உசிலம்பட்டிக்கு மேற்கே இரண்டு கல் தள்ளி, மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊர் அது. மழை பெய்தால் சோளம், கம்பு, மொச்சை. பெய்யாவிட்டால் சோழவந்தான் பக்கம் கதிரறுப்புக் கூலிக்குப் போக வேண்டியதுதான். மரம் என்று பார்த்தால் உசிலை, வேம்பு, புளி, வேலா, கிணற்றடியில் ஒரு பூவரசு. இந்த ஐந்தையும் இலையைத் தொட்டே சொல்லிவிடுவார்கள் எங்கள் பக்கத்துப் பெண்கள்.

பக்கத்து வீட்டு அழகம்மாள் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "புளிங்கன்னுடி இது. இதுக்குப் போயி மூளையைக் கசக்குற."

ஒச்சாயி ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். "புளிப்பே இல்லக்கா. சப்புனு இருக்கு."

"அப்ப உசிலை."

ஒச்சாயி நாலு இலையைப் பறித்துக் கல்லில் வைத்துத் தண்ணீர் தெளித்து அரைத்தாள். உசிலையாக இருந்தால் நுரை பொங்கியிருக்கும். தலைக்குத் தேய்க்கிற அரப்பு அதில்தானே செய்கிறார்கள். நுரை வரவில்லை. கை பச்சையானதுதான் மிச்சம்.

"ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் அழகம்மாள்.

அன்று பொழுது சாய்கிற நேரம் ஒச்சாயியின் மகள், ஆறு வயது செல்லத்தாய், ஓடிவந்தாள். "ஆத்தா, அந்தச் செடி தூங்குது." போய்ப் பார்த்தால், காலையில் விரிந்து நின்ற இலையெல்லாம் கீழே மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அழகம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "நான் சொல்றதக் கேளு, வெட்டி எறி. வீட்டுல கண்ட கண்ட செடியை வளக்காத," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒச்சாயியின் புருஷன் விருமாண்டிதான் வெட்ட வேண்டாம் என்றான். கம்மாயிலிருந்து வந்தவன் கை கால் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "கொழை நல்லா வருது. இருந்துட்டுப் போகட்டும், ஆட்டுக்கு ஆகும்," என்றான். அவனுக்கும் அது என்ன செடி என்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே வேரோடு பிடுங்கியிருப்பான்.

அந்த வருஷம் ஒச்சாயிக்கு நல்ல வருஷமில்லை. அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, நல்லகாமன். அவன் மதுரை ஜெயிலில் இருந்தான்.

ரேகைச் சட்டம் இருந்த காலம் அது. ஊரில் பிறந்த ஆண்பிள்ளை மீசை முளைத்ததும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பத்து விரலையும் மையில் முக்கி வைத்துவிட்டு வரவேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு ராத்திரியும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில்தான் படுக்க வேண்டும். களவாண்டவன், களவாணாதவன் என்ற கணக்கெல்லாம் கிடையாது; பிறந்ததே போதும். விருமாண்டி மாதிரி சொந்தக் கிணறும் நிலவரியும் உள்ள ஒன்றிரண்டு சம்சாரிகளை மட்டும் யோக்கியர்கள் என்று எழுதிப் பேரை எடுத்திருந்தார்கள். நல்லகாமனுக்குக் கிணறு இல்லை. கல்யாணமான மறுநாளும் அவன் ஸ்டேஷன் வாசலில்தான் படுத்தான்.

போன பங்குனியில் மதுரையில் ஒரு ரைஸ்மில் முதலாளி பங்களாவிலிருந்து ஒரு ஜோடிக் காளை களவு போனது. மறுநாள் ராத்திரி அந்த மாடுகள் கணவாய் ஏறி மேற்கே போன தடத்தைப் போலீஸ் பார்த்துவிட்டது. அந்த ராத்திரி பேர் வாசித்தபோது ஸ்டேஷனில் இல்லாத ஆள் நல்லகாமன் ஒருவன்தான். எங்கேடா இருந்தாய் என்று அடித்துக் கேட்டார்கள். மாஜிஸ்திரேட் அடிக்காமல் கேட்டார். இரண்டு பேருக்கும் அவன் பதில் சொல்லவில்லை. ஒரு வருஷம் போட்டார்கள்.

மாடு களவு போன நாளில் ஒச்சாயி ஊரிலேயே இல்லை. மகளையும் கூட்டிக்கொண்டு கதிரறுப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் கோர்ட்டு வாசலில் தம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "எங்கடா இருந்த? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுடா. சாமியா நெனச்சுக் கேக்குறேன்."

"அதக் கேக்காதக்கா," என்றான் அவன்.

அக்காள் கேட்டே சொல்லவில்லை என்றால் களவாண்டவன்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். குனிந்து மண்ணை வாரி அவன் முகத்துக்கு நேரே தூற்றினாள். "இன்னையோட நீ எனக்குத் தம்பி இல்ல. எனக்குக் கூடப்பெறந்தவன் செத்துட்டான்." பொறந்த வீட்டுக்கு மண்ணைத் தூற்றினால் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஒச்சாயி மிதிக்கவில்லை. ஆடி மாதம் நல்லகாமனின் எட்டு மாதக் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போனது. மூன்றாவது தெருதான். அழுகுரல் அவள் வாசல் வரைக்கும் கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கம்பு இடித்தாள். விருமாண்டி மட்டும் போய் நின்று எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டு வந்தான். மச்சினன் பெண்டாட்டிக்கு மாசாமாசம் ஒரு மரக்கால் கம்பும் கொடுத்தனுப்பினான். இப்படியும் ஒரு மனுஷனா என்று ஒச்சாயி மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்தபோது செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஊரே பார்த்துவிட்டது. வாகை என்றார்கள், கொன்றை என்றார்கள், மலைக்காட்டு விஷம் என்றுகூட ஒருத்தர் சொன்னார். கடைசியில் சரியான பேரைச் சொன்னவர் செக்கானூரணி வண்டிக்காரர் சங்கிலி. பருத்தி ஏற்ற வந்தவர் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தார். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தவர் பார்வை செடியில் நின்றது.

"அட, இது தூங்குமூஞ்சி மரமில்ல! இது எப்படி தாயி ஒன் வீட்டுக்கு வந்துச்சு?"

ஒச்சாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? ஒரு மாசமா மண்டையை ஒடைச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"தெரியாம என்ன! பொழுது சாஞ்சா எலையை மூடிக்கிரும். மானம் கறுத்தாலும் மூடிக்கிரும். வெள்ளைக்காரன் கொண்டாந்து வச்ச மரம். மதுரையில ஆத்துக்கு வடகரையில பங்களா பங்களாவா நிக்கும். ஒத்த மரம் போதும், நூறு வண்டி நெழல்ல நிக்கலாம்."

"அங்க இருக்க மரம் இங்க எப்படிண்ணே? காத்துல வருமோ கொட்டை?"

"காத்துல எங்கிட்டு வரும்? கனத்த காயி. உள்ளுக்குள்ள வெல்லப்பாகாட்டம் பிசுபிசுனு இருக்கும். கீழ விழுந்தா மாடு விடாது, அம்புட்டையும் தின்னுப்புடும். கொட்டை மட்டும் செமிக்காது. சாணியில வந்துதான் மொளைக்கும்." தெரிந்த விஷயத்தைச் சொல்வதில் சங்கிலிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மாசியில இருந்து சித்திரை வரைக்கும் காய் விழும். என் மாடுக அங்கிட்டுப் போயிட்டு வந்தா என் வீட்டுக் குப்பையிலயும் ரெண்டொண்ணு வரும். ஒங்க மாடு எப்ப தாயி மதுரைக்குப் போச்சு?"

"எங்க மாடு கருமாத்தூரத் தாண்டுனதில்லையேண்ணே," என்றாள் ஒச்சாயி.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்தது. தொழுவத்தில் இரண்டு மாடு. ஒன்று பழைய செவலை. அதன் ஜோடி மாசியில் கழிச்சல் வந்து செத்துப்போனது. இன்னொன்று மயிலை, கம்பம் சந்தையில் வாங்கியதாக ஆனி மாதம்தான் விருமாண்டி பிடித்துவந்தான். ஆனியில் ஏது காய்? சங்கிலிக்கும் ரைஸ்மில் பங்களாக் களவு தெரியும். அந்த வாசலில் இரண்டு தூங்குமூஞ்சி மரம் நிற்பதும் தெரியும்.

செம்பைக் கீழே வைத்தார். "நான் வண்டியவிட்டு எறங்கவே இல்ல தாயி. எந்தச் செடியையும் பாக்கல. வாரேன்." திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஒச்சாயி குப்பைக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கதிரறுப்பு முடிந்து திரும்பிய அன்றைக்கு வீட்டு வாசல் இருந்த இருப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. கூட்டிப் பெருக்கி, தொழுவம் வரைக்கும் சாணி தெளித்துத் துப்புரவாக இருந்தது. பிறந்ததிலிருந்து வாரியலைத் தொடாத மனுஷன் தனக்காகத்தான் இதைச் செய்திருக்கிறான் என்று அன்றைக்குப் பூரித்துப்போனாள். அழகம்மாளிடம் சொல்லிப் பெருமைகூடப் பட்டாள்.

மத்தியானம் விருமாண்டி வந்து உட்கார்ந்தான். குதிரைவாலிச் சோறு போட்டு மொச்சைக் குழம்பை ஊற்றினாள். அவன் நாலு வாய் தின்னும் வரைக்கும் பொறுத்திருந்தாள். பசித்தவனிடம் கேட்கக்கூடாது என்ற எண்ணம் அப்போதும் அவளுக்கு இருந்தது.

"ஏய்யா, குப்பைக்குழியில நிக்குதே, அது மதுரைச் செடியாம். பங்களாவுல நிக்கிற மரமாம். மாட்டு வயித்துல வந்து, சாணியில விழுந்து மொளைக்குமாம்."

விருமாண்டியின் கை சோற்றிலேயே நின்றது.

"எந்த மாடுய்யா இங்க வந்து சாணி போட்டுச்சு?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் பார்த்தான். வரவில்லை. எட்டு மாதமாகக் காத்த ரகசியம் ஒரு முழச் செடியாக நிற்கும் என்று எவன் கண்டான்?

"ஒரு பகல்தான் கெட்டியிருந்தேன்," என்றான். "கொம்புல மாட்டியிருந்த பித்தளைக் கொப்பியைக் கழட்டிக் கெணத்துல போட்டேன். மணியை அறுத்தேன். தடத்தை மெலாருக் குச்சிக்கட்டை வச்சு இழுத்து அழிச்சேன். சாணியையும் கொண்டுபோயி ஓடையில கொட்டணும்னுதான் அள்ளுனேன். ரெண்டு கூடை. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்ன மாட்டுச் சாணி, வெண்ணெயாட்டம் இருந்துச்சு. தூர எறிய மனசு வரல. நம்ம குழியிலயே தட்டிட்டேன்."

சம்சாரி புத்தி. உயிர் போகிற காரியத்திலும் இரண்டு கூடை எருவை விட மனசு வரவில்லை அவனுக்கு.

"களவுக்கா போன நீ? ரேகையில பேரு இல்லாத யோக்கியன்னுதான ஊருக்குள்ள நெஞ்சை நிமித்தி நடக்குற?"

"செவலைக்குச் சோடி செத்துப்போச்சு. ஒத்த மாட்டை வச்சு எப்படி உழுகுறது? மலைக்கு அங்கிட்டு இருக்க பேயாண்டி வந்து கூப்பிட்டான். நான் களவாங்கப் போகலடி. துணைக்குத்தான் போனேன். அவன் ஓட்டிக்கிட்டுப் போயி வித்துட்டு, எனக்கு இந்த மயிலையப் பிடிச்சுக் குடுத்தான்."

ஒச்சாயி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. "என் தம்பி அன்னைக்கு எங்க இருந்தான்?"

விருமாண்டி தட்டைத் தள்ளி வைத்தான். "இங்கதான். கெணத்து ஏத்தக்கயித்தைக் குடுக்கணும்னு பொழுது சாய வந்தான். தொழுவத்துல மாட்டைப் பாத்துட்டான். திருப்பிக் கொண்டுபோயி விடு மச்சான், விடாட்டி நான் நகர மாட்டேன்னு வாசல்ல குறுக்க உக்காந்துட்டான். பேயாண்டி வந்து பின்பக்கமா ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். அதுக்குள்ள ஸ்டேஷன்ல பேரு வாசிச்சு முடிச்சிருப்பாக. விடிய விடிய வாசல்லயே உக்காந்திருந்தான். காலையில எந்திரிச்சவன், அக்காவுக்குத் தெரிய வேண்டாம் மச்சான்னு சொல்லிட்டுப் போனான்."

ஒச்சாயி அழவில்லை. தம்பி முகத்தில் மண் விழுந்தபோது அவன் கண்ணைக்கூட மூடாமல் நின்றது அவளுக்குத் தெரிந்தது. தன் தாலிக்காக நின்றவன்மேல்தான் தூற்றியிருக்கிறோம் என்று நினைத்தபோது இரண்டு உள்ளங்கையையும் சுவரில் தேய்த்தாள். தோல் உரியும் வரைக்கும் தேய்த்தாள்.

மறுநாள் தம்பி பெண்டாட்டி முத்துத்தாயைத் தேடிப் போனாள். முத்துத்தாய் புஞ்சையில் கூலிக்குக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவளும் ஒரு குத்துச் செடியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து ஆயத் தொடங்கினாள். ரொம்ப நேரம் கடலை பிய்கிற சத்தம்தான்.

"முத்துத்தாயி, எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு வைகாசியிலயே தெரியும் மதினி," என்றாள் முத்துத்தாய், தலையைத் தூக்காமல். "ஜெயிலுக்குப் பாக்கப் போனப்ப சொன்னாரு."

"தெரிஞ்சுமா என்கிட்டச் சொல்லல?"

"கைப்புள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. சொன்னா புள்ளைக்கு ஆகாதுன்னு நான் வாயைத் தொறக்கல. மதினி மண்ணைத் தூத்துனாக, ஊரு களவாணி பொண்டாட்டின்னு சொல்லுச்சு, அப்பவும் தொறக்கல. ஆடியில புள்ளையே போயிருச்சு." அவள் கை நிற்கவில்லை. "இனி இந்தச் சத்தியம் யாருக்குன்னு நெனச்சேன். ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க உள்ள கம்பு இடிச்சுக்கிட்டு இருந்தீக. திரும்பிப் போயிட்டேன்."

ஒச்சாயி அவள் காலைப் பிடிக்கக் குனிந்தாள். முத்துத்தாய் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மன்னிக்கிற மனசு அவளிடம் அன்றைக்கு இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் முடியாது.

"செடியோட போலீஸ்கிட்டப் போறேன் முத்துத்தாயி. எல்லாத்தையும் சொல்றேன். என் தாலி போனாப் போகட்டும்."

"நீங்களா எதுவும் செய்யாதீக. ஜெயில்ல கெடக்குறது அவரு. அவரு வந்து சொல்லட்டும்."

ஒச்சாயி காத்திருந்தாள். விருமாண்டி ஒரு காலை மண்வெட்டியோடு செடிப் பக்கம் போனான். "தொட்டா இப்பவே ஸ்டேஷனுக்கு நடப்பேன்," என்றாள். அவன் திரும்பிவிட்டான். தை போய் மாசி வந்தது. குப்பையின் வலுவில் செடி அவன் தோள் உயரம் வளர்ந்தது. தினமும் பொழுது சாய்ந்தால் அது இலையை மடித்துக்கொள்வதை அவன் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்றான். அவள் சோறு போடுவாள், பேசமாட்டாள். மயிலையின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயில்லா ஜீவன், தண்ணீர் காட்டாமல் இருக்க முடியுமா?

சித்திரையில் நல்லகாமன் வந்தான். தன் வீட்டுக்குப் போய்விட்டு, மத்தியானத்துக்குப் பிறகு அக்காள் வீட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போய், நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினான். ஒச்சாயி ஓடிவந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தாள். ஒரு வருஷத்துக்கு முன் விழுந்த மண் இன்னும் அங்கே இருப்பதாக நினைத்துத் துடைத்தாள்.

"விடுக்கா. விடு."

"தெரிஞ்சுபோச்சுடா. அந்தா நிக்குது பாரு சாட்சி. நீ இப்ப என்கூட வா. ரெண்டு பேரும் போயிச் சொல்லுவோம். களவாணிப் பேரு ஒன் தலையில இருக்கக் கூடாது."

நல்லகாமன் செடியைச் சுற்றி வந்து பார்த்தான். ஜெயிலிலும் அந்த மரம் இருந்ததோ என்னவோ, அவன் எதுவும் கேட்கவில்லை. தொழுவத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த விருமாண்டியையும் பார்த்தான்.

"சொன்னா மச்சானை உள்ள வைப்பான். சரி. என் பேரை ரேகையில இருந்து எடுப்பானாக்கா?"

ஒச்சாயி மறுபடி அவன் முகத்தைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

"என் புள்ளையத் திருப்பிக் குடுப்பானா? விடுதலைச் சீட்டு குடுக்கும்போதே, இன்னைக்குச் சாயந்தரம் ஆஜராகணும்னு சொல்லித்தான் அனுப்புனான். களவாண்டாலும் அந்த வாசல்தான், களவாங்காட்டியும் அந்த வாசல்தான். ஒரு வருசத்தை நான் குடுத்தாச்சு. நீ தாலியறுத்தவளாட்டம் நின்னா, நான் குடுத்தது எதுக்கு?"

மண்வெட்டியை எடுத்து அவனே தோண்டினான். ஆணிவேர் ஆழமாகப் போயிருந்தது. இருமி இருமி, நின்று நின்று தோண்டி வேரோடு சாய்த்தான். இழுத்துக்கொண்டு போய் மயிலைக்கு முன்னால் போட்டான். மாடு ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு இலையை உருவித் தின்றது.

பொழுது சாயத் தொடங்கியது. "நேரமாச்சு. போறேன்க்கா," என்று நல்லகாமன் கக்கத்தில் பாயை இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

ஒச்சாயி வீட்டுக்குள் போனாள். வரும்போது அவள் கையில் இன்னொரு பாய் இருந்தது. தொழுவத்துக்குப் போய் விருமாண்டியின் மடியில் வைத்தாள். அந்த மண்வெட்டிக் காலைக்குப் பிறகு இப்போதுதான் அவனிடம் பேசினாள்.

"கூடப் போங்க."

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. அவன் அங்க படுக்குற வரைக்கும் நீங்களும் அங்கதான் படுக்கணும்."

"எனக்கு அங்க பேரு இல்லையேடி. என்னானு சொல்லிப் போறது?"

"துணைக்குன்னு சொல்லுங்க," என்றாள் ஒச்சாயி. "துணைக்குப் போறது ஒங்களுக்குப் புதுசா?"

விருமாண்டி மச்சினனைப் பார்த்தான். நல்லகாமன் நடக்கத் தொடங்கியிருந்தான். விருமாண்டி பாயை எடுத்துக்கொண்டு எழுந்து அவன் பின்னாலேயே போனான். தெருவில் அழகம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கிணறு வைத்திருக்கிற சம்சாரி, பேர் எடுபட்ட யோக்கியன், கக்கத்தில் பாயோடு போவதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

ஸ்டேஷனில் பேர் வாசித்து முடித்த போலீஸ்காரர் இவனைப் பார்த்து, "உனக்கு என்னய்யா இங்க வேலை?" என்று கேட்டாராம். "துணைக்கு வந்தேங்கய்யா," என்றானாம். அவர் சிரித்துவிட்டு, வரிசைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் படுத்துக்கொள்ளச் சொன்னாராம். காலையில் திரும்பி வந்து மாட்டைப் பூட்டிக்கொண்டு புஞ்சைக்குப் போனான். ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பான்.

மறுநாள் சாயந்தரமும் பாய் வாசலில் இருந்தது.